காசநோய் மாத்திரை சாப்பிடும் காலத்தில் பார்வையைக் காத்துக்கொள்வது எப்படி

காசநோய்ச் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் பெரும்பாலானோருக்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என நான்கு மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. கண்ணைப் பொறுத்தவரை இவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது எத்தாம்புட்டால். 1961இல் கண்டறியப்பட்ட இந்த மருந்து புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, இதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பார்வை நரம்பு பாதிக்கப்படுவது பதிவாகிவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த பக்கவிளைவுதான். ஆனாலும் மாத்திரையைக் கையில் வாங்கும் பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை, அல்லது பத்து அறிவுரைகளுக்கு நடுவே ஒரு வரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இதை எழுதுவதற்கு என் அண்ணன்தான் காரணம். மருந்து தொடங்கிய நான்காவது மாதத்தில் அவர் என்னிடம் பேசும்போது முகத்தைச் சற்றுத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்ப்பதுபோலப் பேசத் தொடங்கினார். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது, நேராகப் பார்த்தால் என் காதுகள் தெரிகின்றன, மூக்கும் வாயும் இருக்கும் இடம் மட்டும் புகை படிந்ததுபோல் இருக்கிறது என்றார். அதற்கு முன்பே மூன்று வாரங்களாக மங்கல் இருந்திருக்கிறது. நோயின் பலவீனம் என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றியிருக்கிறார். கண்ணின் உட்புறத்தைப் பார்த்த மருத்துவர் ஒருவர் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அடுத்து பார்த்த மருத்துவர் கேட்ட பிறகுதான் காரணம் வெளியே வந்தது. அந்த இடைப்பட்ட வாரங்களை அவர் இழந்திருக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயத்தால் காசநோய் மருந்தை வேண்டாம் என்று வைப்பதும், பாதியில் நிறுத்துவதும் பெரிய ஆபத்து. மருந்தில்லாத காசநோய் உயிரைக் குடிக்கும்; அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து, மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரும். சரியான அளவில் எத்தாம்புட்டால் சாப்பிடுபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கண்ணில் ஒன்றும் ஆவதில்லை. பாதிக்கப்படும் சிலரை, பார்வை மாறத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதற்குத்தான் கீழே வரும் அத்தனையும்.

அளவும் சிறுநீரகமும்

இந்தப் பக்கவிளைவு மருந்தின் அளவைப் பொறுத்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மி.கி. என்ற அளவில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் என்றும், 25 மி.கி.க்குப் போனால் நூற்றில் ஐந்தாறு பேருக்கு வரும் என்றும், 35 மி.கி.யைத் தாண்டினால் ஏறத்தாழ 18 பேருக்கு வரும் என்றும் மருத்துவ நூல்களில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. வரை, குழந்தைகளுக்கு 15 முதல் 25 மி.கி. வரை.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நான்கு மருந்துகளும் கலந்த கூட்டு மாத்திரை ஒன்றில் வழக்கமாக 275 மி.கி. எத்தாம்புட்டால் இருக்கும், அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பார்கள். 55 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு நான்கு மாத்திரை சாப்பிட்டால் 1100 மி.கி. ஆகிறது. அதை 55ஆல் வகுத்தால் 20 வருகிறது. இது வரம்புக்குள்தான். மாத்திரைகளின் எண்ணிக்கை எடைப் பிரிவுகளின்படி முடிவாவதால் ஓரிரண்டு மி.கி. கூடுவதும் குறைவதும் இயல்பு. அதற்காக நீங்களே மாத்திரையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வகுத்து வரும் எண் 25ஐத் தொட்டாலோ, சிகிச்சைக்கு இடையில் உடல் எடை கணிசமாக மாறியிருந்தாலோ மருத்துவரிடம் கேளுங்கள். எடையை வாய்வார்த்தையாகச் சொல்லாமல், மருந்து எழுதும் நாளன்று நிறுத்துப் பார்த்துச் சொல்வது நல்லது.

அளவு சரியாக இருந்தும் பாதிப்பு வருவதற்கு முக்கியமான வழி சிறுநீரகம். எத்தாம்புட்டாலின் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மருந்து இரத்தத்தில் தேங்கி, 15 மி.கி. சாப்பிட்டவருக்கும் அதைவிடப் பல மடங்கு சாப்பிட்டதற்கு ஒப்பான நிலை ஏற்படும். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) அளவைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இந்த மருந்தைத் தினமும் தராமல் வாரம் மூன்று நாள் மட்டும் தரும் முறை உண்டு. உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

முதியவர்கள், சர்க்கரை நோய் அல்லது இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், புகைப்பவர்கள், மது அருந்துபவர்கள், உடல் மிகவும் மெலிந்தவர்கள், ஏற்கெனவே பார்வை நரம்பில் குறையுள்ளவர்கள் ஆகியோர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதிலேயே பார்வை நரம்பு பழுதடைந்து பார்வை இழந்தவர்கள் இருந்தால், சிறிய செய்தியாகத் தோன்றினாலும் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என்ன மாறுகிறது, எப்போது மாறுகிறது

நரம்பு இழைகளின் உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவுக்குத் தாமிரம் தேவை. எத்தாம்புட்டால் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் பற்றிப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. காசக் கிருமியைத் தடுக்கும் அதே மருந்து நரம்பு உயிரணுவின் ஆற்றலையும் குறைத்துவிடுவது இதனால்தான் என்று கருதப்படுகிறது. விழித்திரையின் நடுப்பகுதியிலிருந்து மூளைக்குச் செல்லும் மெல்லிய இழைகளுக்கு ஆற்றல் தேவை அதிகம் என்பதால் அவையே முதலில் தளர்கின்றன. வாசிப்பதும், முகங்களை அடையாளம் காண்பதும், நிறங்களைப் பிரித்தறிவதும் அந்த இழைகளின் வேலைதான். எனவே நடுப்பார்வையும் நிறமும் முதலில் போகின்றன. ஓரப்பார்வை பெரும்பாலும் தங்கியிருக்கும். சிலருக்கு இரண்டு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடம் பாதிக்கப்பட்டு, மாறாக இரு பக்க ஓரங்களும் மறைவதுண்டு.

வலி இருக்காது. கண் சிவக்காது. இரண்டு கண்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் மெல்ல வரும். இதுதான் இதன் பெரிய சூழ்ச்சி: ஒரு கண் மட்டும் மங்கினால் மற்ற கண்ணோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம், இரண்டும் சேர்ந்து மங்கினால் வெளிச்சம் போதவில்லை, அச்சு சரியில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்று மனம் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பெரும்பாலும் மருந்து தொடங்கிய இரண்டாவது மாதத்துக்கும் எட்டாவது மாதத்துக்கும் இடையில் இது தலைகாட்டுகிறது. முதல் சில வாரங்களில் வருவது அரிது. எனவே முதல் மாதம் எதுவும் ஆகவில்லை என்பதால் கவனிப்பதை விட்டுவிடாதீர்கள். எத்தாம்புட்டால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் சிகிச்சை முறையும் உண்டு. ஆறு மாதமும் தொடரும் முறையும் உண்டு. உங்களுக்கு எது என்பதை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காசநோய் அல்லாத, அதே குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகளால் வரும் நுரையீரல் நோய்க்கு ஓராண்டுக்கு மேலும் இந்த மருந்தைச் சாப்பிட நேரிடும். அவர்களுக்கு இந்தக் கவனிப்பு முழுக் காலமும் வேண்டும்.

வீட்டில் செய்யும் வாரச் சோதனை

முடிந்தால் முதல் மாத்திரைக்கு முன்பும், முடியாவிட்டால் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளும் கண் மருத்துவமனையில் பார்வைக் கூர்மையையும் நிறப்பார்வையையும் சோதித்து எழுதி வாங்கிவையுங்கள். 6/6, 6/9 என்று எழுதித் தருவார்கள். பின்னால் ஏதேனும் மாறினால் ஒப்பிடுவதற்கு இந்தத் தாள் இல்லாமல் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே விளக்கின் கீழ், வாசிக்கும் கண்ணாடி உண்டென்றால் அதே கண்ணாடியோடு, ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். விரல்களால் அழுத்தினால் கையை எடுத்த பிறகும் அந்தக் கண் சிறிது நேரம் மங்கலாகவே தெரிந்து ஏமாற்றும். முதலில், பல அளவு எழுத்துகள் உள்ள அச்சிட்ட தாள் ஒன்றை 40 செ.மீ. தொலைவில் பிடித்து, தடுமாறாமல் வாசிக்க முடிகிற மிகச் சிறிய வரி எது என்று பாருங்கள். எப்போதும் ஒரே தாளை வைத்துக்கொண்டால் வரிகள் மனப்பாடமாகிவிடும். ஆகவே அதே அளவு எழுத்தில் வேறு சொற்கள் உள்ள தாள்கள் மூன்று நான்கு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுங்கள்.

இரண்டாவது நிறம். வெறுமனே ஒரு சிவப்புப் பொருளைப் பார்த்து இது சிவப்புதான் என்று சொல்வது சோதனை ஆகாது. அது சிவப்பு என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிவப்பு, அடர் சிவப்பு, பழுப்பு, அடர் பச்சை, சாம்பல் ஆகிய நிறங்களில் வண்ணப் பென்சில்களோ நூல்களோ எடுத்து, வீட்டில் உள்ள வேறொருவர் கலைத்து வைக்க, நீங்கள் பிரித்து அடுக்க வேண்டும். என் அண்ணனுக்கு இதைச் செய்துபார்த்த அன்று அடர் சிவப்பு நூலையும் பழுப்பு நூலையும் ஒரே குவியலில் வைத்துவிட்டு, எல்லாம் சரிதானே என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தவறு செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்கிறேன். பிறவியிலேயே நிறக்குறை உள்ளவர்கள் முதல் வாரம் எந்த நிறங்களைக் குழப்பினார்கள் என்பதை எழுதிவைத்து, அதிலிருந்து மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது கட்டத்தாள். பத்து செ.மீ. நீள அகலமுள்ள ஒரு சதுரம் வரைந்து, உள்ளே அரை செ.மீ. இடைவெளியில் கோடுகள் போட்டு, நடுவில் ஒரு கரும்புள்ளி வையுங்கள். முப்பது செ.மீ. தொலைவில் பிடித்து, கண்ணை அசைக்காமல் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். புள்ளி தெரிகிறதா, அதைச் சுற்றியுள்ள கோடுகள் எங்காவது மறைகின்றனவா, மங்குகின்றனவா, நெளிகின்றனவா? மறையும் இடத்தைப் பென்சிலால் தாளிலேயே குறித்துத் தேதி போடுங்கள். அடுத்த கண்ணுக்குப் புதிய தாள்.

மூன்றின் முடிவையும் நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள்: தேதி, வலது கண், இடது கண். இந்த நோட்டைச் சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசிப்புக்குப் பதிலாக ஊசியில் நூல் கோப்பது, நாணயங்களைத் தடவாமல் பார்த்தே பிரிப்பது, சுவர்க் கடிகாரத்தின் முட்களை ஒரே தொலைவிலிருந்து சொல்வது என எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் அதையே, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மங்கல் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத சிறு குழந்தைகளைப் பெற்றோர்தான் கவனிக்க வேண்டும். பொம்மையை எடுக்கத் தடவுவது, படத்தைக் கண்ணருகே கொண்டுபோவது, தெரிந்த முகத்தை அடையாளம் காணாமல் விழிப்பது போன்றவை புதிதாகத் தோன்றினால் சொல்லுங்கள். பரிந்துரைத்த அளவில் குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு மிகவும் அரிது.

மங்கல் எல்லாமே மருந்தால் வருவதல்ல

ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது சிறுநீரைப் போலவே கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். அதனால் தீங்கில்லை, ஆனால் கான்டாக்ட் லென்ஸ் நிரந்தரமாகக் கறைபடியும் என்பதால் சிகிச்சை முடியும்வரை கண்ணாடி அணிவது நல்லது. சர்க்கரை அளவு ஏறி இறங்கினாலும் பார்வை நாளுக்கு நாள் மாறும். மாறாக, கண் சிவந்து வலித்தாலும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலும், கடுமையான தலைவலியோடும் வாந்தியோடும் பார்வை மங்கினாலும் அது எத்தாம்புட்டாலின் இயல்பு அல்ல. காசநோயே கண்ணுக்குள்ளோ மூளை உறையிலோ பரவியிருக்கலாம். அதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணாடியின் பவர் மாறியிருக்கிறதா, நரம்பில் கோளாறா என்று தோராயமாக அறிய ஒரு எளிய வழி உண்டு. கெட்டி அட்டையில் ஊசியால் ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியாகத் தொலைவில் உள்ள எழுத்தைப் பாருங்கள். பவர் குறை என்றால் துளைவழிப் பார்க்கும்போது எழுத்து தெளிவாகும். நரம்பிலோ விழித்திரையிலோ குறை என்றால் தெளிவாகாது. தெளிவாகவில்லை என்றால் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பயனில்லை. தெளிவானாலும் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

மாற்றம் தெரிந்த அன்றே செய்ய வேண்டியது

அடுத்த சோதனை நாள்வரை காத்திருக்காதீர்கள். எத்தாம்புட்டால் தனி மாத்திரையாக இருந்தால், அதை மட்டும் சாப்பிடாமல் வைத்துவிட்டு, அன்றைக்கே சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். கூட்டு மாத்திரை என்றால் ஒன்றை மட்டும் பிரிக்க முடியாது. ஆகவே அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரையோ சிகிச்சை மையத்தையோ தொடர்புகொண்டு கேளுங்கள். அவர்கள் எத்தாம்புட்டால் இல்லாத மாத்திரைகளாக மாற்றித் தருவார்கள். யாரிடமும் சொல்லாமல் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பதும், எத்தாம்புட்டாலைத் தொடர்ந்துகொண்டே அடுத்த மாதப் பரிசோதனைக்குக் காத்திருப்பதும் சம அளவில் தவறு.

கண் மருத்துவரைப் பார்க்கும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமே, காசநோய்க்கு எத்தாம்புட்டால் சாப்பிடுகிறேன், இத்தனை மாதம் ஆகிறது, நாளுக்கு இத்தனை மி.கி. என்பதாக இருக்கட்டும். மாத்திரை அட்டையையும் நோட்டையும் மேசைமேல் வையுங்கள். இந்த நோயில் தொடக்க நாள்களில் கண்ணின் உட்புறம் முற்றிலும் இயல்பாகத் தெரியும்; நரம்பின் தலைப்பகுதி வெளிறுவது பல வாரங்கள் கழித்துத்தான். ஆகவே உள்ளே பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்ற பதிலோடு திரும்பிவிடாமல், பார்வைக் கூர்மை, நிறப்பார்வை, பார்வைப் புலம் (கண்ணை அசைக்காமல் பார்க்கும்போது தெரியும் பரப்பு) மூன்றையும் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். நிறத்துக்கு வழக்கமாக இஷிஹாரா என்ற புள்ளிப் படப் புத்தகத்தைக் காட்டுவார்கள். 1917இல் ஜப்பானில் வந்த அது சிவப்பு பச்சைக் குறைகளைக் கண்டுபிடிக்க வல்லது. சிலருக்கு நீலம் மஞ்சள் வேறுபாடு முதலில் மங்குவதால், நிறங்கள் வெளிறித் தெரிகின்றன என்று உங்களுக்குத் தோன்றினால் அந்தப் புத்தகத்தில் எல்லா எண்களையும் வாசித்துவிட்டாலும் அதைச் சொல்லுங்கள். விழித்திரை நரம்பு இழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேன் வசதி இருந்தால் அதுவும் உதவும்.

நிறுத்திய பிறகு

உடனே தெளிவாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருந்தை நிறுத்திய பின்னும் சில வாரங்கள் பார்வை இன்னும் குறையக்கூடும்; அதன் பிறகு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். பலருக்குத் திரும்புகிறது, சிலருக்கு முழுவதும் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதே இல்லை. எவ்வளவு சீக்கிரம் நிறுத்தினோம் என்பதில்தான் நம் கையில் உள்ள பங்கு இருக்கிறது. இந்தப் பாதிப்பைச் சரிசெய்யும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. துத்தநாக மாத்திரையோ வைட்டமினோ வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு எத்தாம்புட்டாலைத் தொடரலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஐசோனியசிட்டும் அரிதாகப் பார்வை நரம்பைத் தாக்கும். எத்தாம்புட்டாலை நிறுத்தி நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, தொடக்கமே கடுமையாக இருந்தாலோ, மருத்துவர் அதையும் மாற்றுவது பற்றி யோசிப்பார். அந்த மருந்தால் கை கால் மரத்துப்போவதைத் தடுக்கத் தரும் பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி6 மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ லினசோலிட் சாப்பிடுபவர்களுக்கும் இதேபோன்ற நடுப்பார்வை மங்கல் வரலாம். பெரும்பாலும் சில மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகே வருகிறது, பாதங்களில் எரிச்சலும் மரப்பும் கூடவே வரலாம். மேலே சொன்ன வாரச் சோதனை அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எத்தாம்புட்டாலால் ஒருமுறை பார்வை பாதிக்கப்பட்டவருக்கு, பார்வை முழுவதும் திரும்பிவிட்டாலும் மீண்டும் அந்த மருந்தைத் தரக் கூடாது. ஒரு சிறு அட்டையில், எத்தாம்புட்டாலால் பார்வை நரம்பு பாதிப்பு, மீண்டும் தர வேண்டாம் என்று எழுதி, பாதிப்பு தெரிந்த தேதியையும் அப்போது சாப்பிட்ட அளவையும் சேர்த்து, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, பையில் எப்போதும் வைத்திருங்கள். அண்ணனின் அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக, கறுப்பு மையில் எழுதியிருக்கிறோம். அவரால் இப்போது அதை அவரே வாசித்துக் காட்ட முடிகிறது.